பாத் டப் இல்லாத வீட்டில் நறுமண எண்ணெய்க் குளியல்: எப்படி, எவ்வளவு, யாருக்குக் கூடாது?

மூன்றாம்மாடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். குளியலறையில் ஒரு ஷவர், ஒரு வாளி, ஒரு குவளை ஆகியவைதாம் உள்ளன. பாத் டப் வைக்க இடமில்லை. வைத்தாலும் அதை நிரப்பும் அளவுக்கு லாரித் தண்ணீர் வாங்கிக் கட்டுப்படியாகாது. அலுவலகத்திலிருந்து திரும்பிய பிறகு உடல் அலுப்பும் மன இறுக்கமும் குறைய, நறுமண எண்ணெய் கலந்த வெந்நீரில் குளிக்கலாம் என்ற எண்ணத்தில் லாவெண்டர், யூகலிப்டஸ், மல்லிகை என்று மூன்று சிறு புட்டிகளை இணையத்தில் வாங்கினேன். ஆனால் படித்த குறிப்புகள் எல்லாமே 'தொட்டி நீரில் பத்துச் சொட்டு விட்டு, மெழுகுவத்தி ஏற்றி, அரை மணி நேரம் அமிழ்ந்திருங்கள்' என்றே தொடங்குகின்றன. இதை வாளிக் குளியலுக்கு எவ்வாறு மாற்றிக்கொள்வது என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். என் மாமியாருக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது; மாலையில் பாதங்கள் எரிகின்றன என்கிறார். கால்களை மட்டும் இந்த வெந்நீரில் வைத்திருக்கச் சொல்லலாமா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையும் இருக்கிறது.

வடிகலன் எழுதியது:

வணக்கம் சகோதரி. நீலகிரித் தைலம், புல்தைலம் ஆகியவற்றைக் காய்ச்சி வடிக்கும் தொழிலில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் படித்த குறிப்புகள் தொட்டிக்கே பொருந்தாதவை. வாளிக்கு இன்னும் பொருந்தாதவை. நறுமண எண்ணெய் நீரில் கரையாது. கரையாது என்பதனால்தான் எங்கள் தொழிலே நடக்கிறது: செம்புக் கலத்தில் இலையை நீராவியில் வேகவைத்து, அந்த ஆவியைக் குளிர்வித்தால், நீர் கீழேயும் எண்ணெய் மேலேயும் தானாகப் பிரிந்து நிற்கும். அப்படிப் பிரித்தெடுத்த பொருளை மறுபடியும் நீரில் சொட்டுச் சொட்டாக விட்டால், அது மீண்டும் மேலே ஏறி மெல்லிய படலமாக மிதக்குமே தவிர, நீர் முழுவதும் பரவாது.

தொட்டியில் அமர்ந்திருப்பவரின் தோலில் அந்தப் படலம் நேரடியாக ஒட்டிக்கொள்ளும். வாளியில் நிலைமை இன்னும் மோசம். குவளையால் மேலாக மொண்டு முதலில் தலையில் ஊற்றிக்கொள்கிறோம் அல்லவா? விட்ட எண்ணெயில் பெரும்பகுதி அந்த முதல் குவளையிலேயே வந்து கண்ணிலும் முகத்திலும் இறங்கும். அடியில் இருக்கும் நீரில் மணம்கூட இராது.

உப்பில் கலந்து போடலாம், பாலில் கலந்து போடலாம் என்று பலர் எழுதுகிறார்கள். உப்பு கரைந்துவிடும், எண்ணெய் பழையபடி மிதக்கும். பாலும் அதை ஓரளவே தாங்கிப் பிடிக்கும். உண்மையில் பயன்படுபவை இரண்டே வழிகள். ஒன்று, நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெயில் முன்கூட்டியே கலந்து நீர்த்துப்போகச் செய்வது. மற்றொன்று, மணமில்லாத திரவ சோப்பு போன்ற, எண்ணெயையும் நீரையும் பிணைக்கக்கூடிய ஒரு பொருளில் கலப்பது. தொட்டி உள்ளவர்களுக்கும் 4 அல்லது 5 சொட்டு, அதுவும் ஒரு மேசைக்கரண்டி தாங்கு எண்ணெயில் (நல்லெண்ணெய் போன்ற ஒன்றில்) கலந்தது, தாராளமாகப் போதும். பத்து என்பதை எழுதியவர் புட்டி விற்பவராக இருக்கக்கூடும்.

உங்களுக்கு என் பரிந்துரை, எண்ணெயை வாளிக்குள் விடவே வேண்டாம் என்பதுதான். 30 மில்லி நல்லெண்ணெயில் 6 சொட்டு லாவெண்டர் கலந்தால் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு செறிவு கிடைக்கும். அதைக் கழுத்து, தோள், கை, கால் ஆகியவற்றில் தேய்த்து, சிறிது நேரம் ஊறவிட்டு, பிறகு வெந்நீரில் பயற்றமாவு தேய்த்துக் குளியுங்கள். மணம் உடலிலேயே இருப்பதால், வெந்நீர் பட்டதும் எழுந்து குளியலறை முழுவதும் நிறையும். தொட்டியில் கிடைப்பதைவிட இது கூடுதல் என்பது என் தனிப்பட்ட கருத்து.

கற்பூரவல்லி எழுதியது:

வடிகலன் ஐயா சொன்ன கடைசிப் பத்தியைப் படித்தபோது சிரிப்பு வந்தது. நம் வீடுகளில் சனிக்கிழமை ஆண்களும் செவ்வாய், வெள்ளி பெண்களும் செய்துவந்த எண்ணெய்க் குளியலில் லாவெண்டர் சொட்டு ஒன்று கூடியிருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் அமைதி தரும் மணத்துக்குப் பிரான்சு நாட்டுச் செடி வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது. கடலூர்ப் பக்கம் கரையோர மணலில் விளையும் வெட்டிவேர் ஒரு கட்டு வாங்கி, மண் போக அலசி, வெள்ளைத் துணியில் முடிந்து, முதல் நாள் இரவே ஒரு குடம் நீரில் போட்டுவையுங்கள். மறுநாள் அந்த நீரை வெந்நீருடன் விளாவிக் குளித்தால், மென்மையான மணம் நெடுநேரம் உடலில் நிற்கும். வேரை நிழலில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். மணம் அடியோடு போகும்வரை உழைக்கும்.

நலங்கு மாவும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கிச்சிலிக் கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, உலர்ந்த ரோஜா இதழ், வெட்டிவேர் எல்லாம் சேர்த்து அரைத்தால், எண்ணெய்ப் பிசுக்கும் போகும், மணமும் கிடைக்கும். கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் பொடியில் மணத்துக்காக வேறு எதையேனும் கலந்திருக்கக்கூடும் என்பதால், நாட்டு மருந்துக் கடையில் சரக்கை வாங்கி மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்வதே நல்லது. மாவு அரைத்த கையோடு சூடாக டப்பாவில் அடைத்துவிடாதீர்கள். ஆறவிடாவிட்டால் வேர்த்துக் கட்டிபட்டுப்போகும்.

ஐயம்_கொள் எழுதியது:

மணத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள். வெந்நீரைப் பற்றி யாரும் பேசவில்லை. களைப்பு நீங்கித் தூக்கம் வருவதில் பெரும்பங்கு வெந்நீருக்கு உரியது என்பதற்கு ஓரளவு உறுதியான சான்று இருக்கிறது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்து ஆய்வாளர்கள், அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட கட்டுரையில், படுப்பதற்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்கு முன்பு 40 முதல் 42.5 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் பத்து நிமிடம் அளவில் குளித்தாலே, சராசரியாகப் பத்து நிமிடம் விரைவாகத் தூக்கம் பிடிக்கிறது என்று கண்டார்கள். வெந்நீர் பட்டதும் கை, கால்களின் இரத்த நாளங்கள் விரிகின்றன. அவற்றின் வழியே உடலின் உள் வெப்பம் வெளியேறுகிறது. உள் வெப்பம் தணியும்போது உறக்கம் வருகிறது. பாதங்கள் கதகதப்பாக இருப்பவர்கள் விரைவில் உறங்கிவிடுகிறார்கள் என்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள் 1999இலேயே எழுதியிருக்கிறார்கள். இவற்றில் எதிலும் லாவெண்டர் இல்லை.

லாவெண்டர் மணம் பதற்றத்தைக் குறைப்பதாகச் சொல்லும் ஆய்வுகள் உள்ளன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவற்றில் பல, சிறு எண்ணிக்கையினரிடம் நடத்தப்பட்டவை. மேலும், மணத்தை ஆய்வில் மறைக்க முடியாது: மாத்திரை என்றால் மருந்தில்லாத போலி மாத்திரையைக் கொடுத்து ஒப்பிடலாம், லாவெண்டரை முகர்ந்தவருக்குத் தாம் முகர்ந்தது லாவெண்டர் என்று தெரிந்துவிடும். ஆகவே விளைவில் எவ்வளவு எதிர்பார்ப்பினால் வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) கலந்து குளித்தால் தோல் வழியே மக்னீசியம் உடலுக்குள் போகிறது என்று சொல்வதற்கு இந்த அளவு ஆதாரம்கூடக் கிடையாது.

கற்பூரவல்லி எழுதியது:

ஐயம்_கொள் அவர்களே, எதிர்பார்ப்பினால் வந்த அமைதியும் அமைதிதானே? நாள் முழுவதும் கணினி முன் உட்கார்ந்துவிட்டு வரும் ஒருவருக்கு, வெட்டிவேர் மணம் வந்தவுடன் 'வேலை முடிந்தது' என்று மனம் பழகிக்கொண்டால், அந்தப் பழக்கத்துக்கு ஆய்வுக்கூடத்தின் ஒப்புதல் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஐயம்_கொள் எழுதியது:

அந்த அளவில் நிறுத்திக்கொண்டால் எனக்குச் சண்டையே இல்லை அம்மா. பிடித்த மணம் என்று சொல்லி விற்றால் சரி. நஞ்சை வெளியேற்றும், நோயைத் தீர்க்கும் என்று புட்டியில் அச்சிட்டு விற்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. நறுமண எண்ணெயால் நலம் பேணும் இந்தத் துறைக்கு அரோமாதெரபி என்று பெயர் வைத்து 1937இல் நூல் எழுதிய, பிரான்சின் லியோன் நகரத்து வேதியியலாளர் ரெனே மோரிஸ் கட்டஃபோசே, 1910இல் ஆய்வுக்கூட விபத்தில் தீப்பட்ட கையை அருகிலிருந்த லாவெண்டர் எண்ணெய்த் தொட்டிக்குள் தற்செயலாக விட்டார், உடனே ஆறிவிட்டது என்று ஒரு கதை எங்கும் உலவுகிறது. காயம் பின்னர் அழுகத் தொடங்கியபோது அதை லாவெண்டர் எண்ணெயால் தாமே அறிந்து கழுவியதாகத்தான் அவர் எழுதியிருக்கிறார். தொடக்கக் கதையையே இப்படி மெருகேற்றியவர்கள், மற்றவற்றை எப்படிச் சொல்வார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

செவிலி_மதுரை எழுதியது:

இழையைத் தொடங்கிய சகோதரியின் மாமியார் பற்றிய கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லாததால், பணி முடிந்து வந்தவுடன் எழுதுகிறேன். தயவுசெய்து அவரை வெந்நீரில் கால் வைக்கச் சொல்லாதீர்கள். நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவருக்குப் பாதம் எரிகிறது என்றால், நரம்புகள் பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அத்தகைய பாதம் சூட்டைச் சரியாக உணராது. நமக்குக் கை வைக்க முடியாத சூடு அவருக்கு இதமாகத் தோன்றும். கொப்புளம் வந்த பிறகே தெரியும். அந்தக் கொப்புளம் ஆறாத புண்ணாகி வார்டில் வந்து படுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நெடுநேரம் ஊறவைப்பதும் கூடாது; தோல் வெளிறி விரல் இடுக்குகளில் வெடிக்கும், அதன் வழியே கிருமி நுழையும். எரிச்சலை முதலில் மருத்துவரிடம் காட்டிப் பாதப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரல் இடுக்கு வரை ஈரம் ஒற்றி எடுத்து, விரல் இடுக்குகளைத் தவிர்த்துப் பாதத்தில் தேங்காய் எண்ணெய் தடவுவது போதும். நீரின் சூட்டை அவர் பார்க்கக் கூடாது. நீங்கள் முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்து, குழந்தை. யூகலிப்டஸ் எண்ணெய்ப் புட்டியைப் பூட்டு உள்ள அலமாரியில் வையுங்கள். சிறு குழந்தை இதைச் சிறிதளவு குடித்தாலும் வலிப்பும் மயக்கமும் வரக்கூடும். கற்பூரமும் அப்படித்தான். சளி பிடித்தால் குழந்தையின் குளியல் நீரில் சொட்டு விடுவது, மூக்கின் அருகே தடவுவது ஆகிய இரண்டையும் செய்யாதீர்கள். பெரியவர்கள் வேது பிடிக்கும் பாத்திரத்தின் அருகிலும் குழந்தையை விடக் கூடாது. கொதிநீர் கவிழ்ந்து வரும் தீப்புண்கள் மிகக் கொடியவை.

மூன்றாவதாக ஒன்றைக் கேட்க வேண்டும். உங்கள் குளியலறையில் இருப்பது மின் கீசரா, எரிவாயு கீசரா? எரிவாயு கீசர் குளியலறைக்குள்ளேயே இருந்தால், மணம் வெளியே போகக் கூடாது என்று சன்னலை அடைத்துவிட்டு நெடுநேரம் குளிப்பது உயிருக்கே ஆபத்து. காற்றுப் போதாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு வாயு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைசுற்றலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டே மயங்கிவிடுவார்கள். நம் நாட்டில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இவ்வாறு உயிரிழப்புகள் நேர்கின்றன. மெழுகுவத்தி ஏற்றும் ஆசை இருந்தாலும் காற்றோட்டம் இருக்கட்டும்.

மூன்றாம்மாடி எழுதியது:

மிக்க நன்றி சகோதரி. மாமியாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல நேரம் வாங்கிவிட்டோம். எங்களுடையது மின் கீசர்தான். ஆனாலும் கீழ்த் தளத்தில் என் நாத்தனார் வீட்டில் எரிவாயு கீசர் உள்ளது, அவர்களிடமும் சொல்லிவிட்டேன். வடிகலன் ஐயாவிடம் ஒரு கேள்வி: மல்லிகைப் புட்டி 199 ரூபாய்க்குக் கிடைத்தது, 'நூறு விழுக்காடு தூய எசன்ஷியல் ஆயில்' என்று எழுதியிருக்கிறது. மணம் தலைவலி வரும் அளவுக்குத் தூக்கலாக இருக்கிறதே, அது இயல்புதானா?

வடிகலன் எழுதியது:

அது மல்லிகையே அல்ல என்று புட்டியைப் பாராமலே சொல்லலாம். மல்லிகைப் பூ நீராவியின் சூட்டைத் தாங்காது. அதன் மணத்தைக் கரைப்பான் கொண்டு பிரித்தெடுத்து, முதலில் 'கான்கிரீட்' எனப்படும் மெழுகு போன்ற பொருளை எடுப்பார்கள். பிறகு அதைச் சாராயத்தில் கழுவி 'அப்சல்யூட்' எனப்படும் செறிந்த வாசனைப் பொருளை எடுப்பார்கள். தமிழ்நாட்டிலேயே இதற்கான ஆலைகள் உண்டு; பூ விலை வீழும் நாட்களில் விவசாயிக்கு அவை ஒரு பற்றுக்கோடு. அப்படி எடுத்த பொருளின் விலையில் 199 ரூபாய்க்கு ஒரு சில துளிகளுக்கு மேல் கிடைக்காது. ரோஜா எண்ணெயும் விலை மிகுந்ததுதான்: ஒரு கிலோ எண்ணெய்க்கு 3,000 முதல் 4,000 கிலோ வரை பூ தேவைப்படுகிறது. உங்கள் கையில் இருப்பது செயற்கை வாசனைத் திரவம். அறையில் மணத்துக்கு வைக்கலாம், தோலில் படவேண்டாம்.

வாங்கும்போது செடியின் தாவரவியல் பெயர், எடுத்த முறை, தொகுதி எண் ஆகியவை அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். லாவெண்டரில் லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா என்று இருந்தால் நல்லது. லாவண்டின் என்ற கலப்பினத்தில் கற்பூர நெடி கூடுதலாக இருக்கும், விலையும் குறைவு. இப்போது ஜம்முவின் பதர்வா பகுதியிலும் லாவெண்டர் விளைவிக்கிறார்கள். வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்கள். லாவெண்டர், யூகலிப்டஸ் போன்ற மெல்லிய எண்ணெய்கள் ஏறத்தாழ முழுவதும் ஆவியாகிவிடும். வடைத்தாள் போல் எண்ணெய்க் கறை நின்றால் சமையல் எண்ணெய் ஏதோ கலந்திருக்கிறது. ஆனால் செயற்கைத் திரவத்தை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நீரிலேயே கலக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் அதற்கு உரியது பன்னீர். ரோஜாப் பூவைக் காய்ச்சி வடிக்கும்போது எண்ணெய்க்குக் கீழே நிற்கும் நீர் அதுதான். பூவின் நீரில் கரையும் பகுதி அதில் இருக்கிறது, செறிவும் குறைவு. நல்ல பன்னீர் கிடைத்தால் கடைசி வாளியில் அரைக் குவளை விட்டுக் கலக்குங்கள். அது மிதக்காது, தோலில் எரியாது. கல்யாண வீட்டில் தெளிக்கும் மலிவுச் சரக்கு வேண்டாம்.

ஒசாகாவிலிருந்து எழுதியது:

தொட்டிக் குளியல் அன்றாட வழக்கமாக உள்ள ஜப்பானில் வாழ்பவன் என்பதால் ஒரு சிறு சேர்க்கை. இங்கே தொட்டி அழுக்குப் போக்குவதற்கு அன்று. வெளியே உட்கார்ந்து, சிறு வாளி நீரில் சோப்புப் போட்டு முழுவதும் குளித்த பின்னரே உள்ளே இறங்குவார்கள். வீட்டார் அனைவரும் அதே நீரில் ஒருவர் பின் ஒருவராக இறங்குவதால், மணம் சேர்ப்பதும் மிதமாகத்தான் இருக்கும். குளிர்கால நெடும் இரவு நாளில் யூசு என்ற எலுமிச்சை வகைப் பழங்களை முழுதாக மிதக்கவிடுவார்கள்; மே 5ஆம் நாள் வசம்பின் இனத்தைச் சேர்ந்த நீண்ட இலைகளைப் போடுவார்கள். எண்ணெயைப் பிழிந்து விடுவதில்லை. பழத்தின் தோலிலிருந்து வருவதே போதும். அதற்கே சிலருக்குத் தோல் நமநமவென்று அரிக்கும். பயன்படுத்திய நீரைப் பலரும் சிறு பம்பு வைத்துத் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.

செவிலிச் சகோதரி எச்சரித்ததோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே குளிர்காலத்தில் முதியவர்கள் தொட்டியில் மயங்கி இறப்பது பெரிய சிக்கலாக இருப்பதால், 41 டிகிரிக்கு மேற்படாத நீரில் பத்து நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ளும்படி அரசின் நுகர்வோர் அமைப்பே அறிவுறுத்துகிறது. அரை மணி நேரம் என்று எழுதுபவர்கள் இதை அறியார்.

செவிலி_மதுரை எழுதியது:

நன்றி சகோதரரே. இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் வெந்நீர்க் குளியலுக்குப் பின் சட்டென்று எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். மணையில் சற்று உட்கார்ந்திருந்து, சுவரைப் பிடித்து எழ வேண்டும். எண்ணெய் தேய்த்த நாளில் தரை வழுக்கும் என்பதால் மணையின் கீழும் வாசலிலும் ரப்பர் விரிப்பு போடுங்கள். கருவுற்ற பெண்கள், குறிப்பாக முதல் மூன்று மாதங்களில், மிகுந்த சூட்டில் குளிப்பதைத் தவிர்க்க வேண்டும். கிராம்பு, இலவங்கப்பட்டை எண்ணெய்களை யாருமே குளியலுக்குப் பயன்படுத்தக் கூடாது. தோல் சிவந்து வெந்துவிடும்.

மூன்றாம்மாடி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நல்லெண்ணெயில் லாவெண்டர் கலந்து தேய்த்து, கற்பூரவல்லி அம்மா சொன்ன வெட்டிவேர் நீரால் முடித்தேன். எட்டரை மணிக்குக் குளித்துப் பத்து மணிக்குப் படுத்தேன். உறக்கம் நன்றாக வந்தது. அதற்குக் காரணம் வெந்நீரா, வேரா என்று ஐயம்_கொள் அவர்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஒன்றுதான் மிச்சம்: லாவெண்டர்ப் புட்டி எவ்வளவு காலம் தாங்கும்?

வடிகலன் எழுதியது:

திறந்த நாளைப் புட்டியின் மீது எழுதி ஒட்டுங்கள். லாவெண்டரில் உள்ள லினலூல் என்ற மணப்பொருள் காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடையும்போது தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் பொருளாக மாறுகிறது. புதிதாய் இருக்கும்போது ஒன்றும் செய்யாத எண்ணெய், பழசானபின் அரிப்பைக் கொடுப்பது அதனால்தான். மூடியை இறுக்கி, குளிர்பதனப் பெட்டியில் குழந்தைக்கு எட்டாத தட்டில் வைத்தால் ஓராண்டுக்குக் குறையாமல் பயன்படும். குளியலறை அலமாரியில் வைக்காதீர்கள், அங்குள்ள சூடு அதைக் கெடுக்கும். மணம் புளித்தாற்போல் மாறினால் உடலில் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, பஞ்சில் இரண்டு சொட்டு விட்டுச் செருப்பு அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். மல்லிகைப் புட்டிக்கும் அதே இடம்தான்.